ஒழுகாத பெட்டி

எங்கள் வைத்திக்குப்பத்தில் அமுதவல்லியைப் போல ஐஸ் பெட்டியை அடைக்க ஆள் கிடையாது. மார்க்கெட்டுக்கு விற்கக் கொண்டுபோகிற மீன் பெட்டி ஒழுகினால் ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள். டிரைவர் வாய்க்கு வந்தபடி பேசுவான். அதனால் எந்தத் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்தாலும் அவள் விரல் தானாக ஓட்டையைத் தேடும். பிளாஸ்டிக் பையைத் திருகிச் செருகி, மேலே மெழுகை உருக்கி ஊற்றிவிடுவாள்.

அவளுக்கு ஒரே பிள்ளை ஆகாஷ். புருஷன் போன பிறகு அவன்தான் எல்லாம். ஐப்பசியில் பழைய மீன் பெட்டி ஒன்றில் மண் நிரப்பிக் கத்தரி விதை போட்டான். நம்ம வீட்டுக் காயைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்து பார்த்தால், மழை ஈரத்தில் நாற்று முளைத்து நின்றது. அன்றைக்குத்தான் அமுதவல்லி சோற்றில் கை வைத்தாள். பெட்டியைத் தூக்கி வந்து வாசல் கூரைக்கடியில் வைத்துக்கொண்டாள். அடியில் தண்ணீர் ஒழுகியது. பிள்ளை வைத்த செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று கை பரபரத்தது. குனிந்து பார்க்காமலே விரலால் தடவி அடைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் இலைகள் தொங்கின. நாங்கள் கடற்கரைச் சனம். செடி தலை சாய்ந்தால் தாகம் என்றுதான் தெரியும். இன்னும் ஊற்றச் சொன்னோம். ஒருத்தி கண்ணேறு என்றாள். இன்னொருத்தி மீன் கழுவின தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அமுதவல்லி எல்லாவற்றையும் செய்தாள். மண் சேறாகக் கிடக்க, செடி மட்டும் வாடிக்கொண்டே வந்தது. எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசியில் வெயிலில் வைக்கலாம் என்று அவள் பெட்டியை இழுத்தபோது ஓர் அடைப்பு பிடுங்கிக்கொண்டு, கறுத்த நாற்றத் தண்ணீர் காலில் கொட்டியது. ஒரு செடியைத் தொட்டாள். வேர் அழுகிக் கையோடு வந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான்கு மூலையிலும் கம்பியைச் சுட்டுப் போட்ட வட்ட ஓட்டைகள்.

"கொளஞ்சி, தானா உழுந்த ஓட்ட இல்லடி. தண்ணி வடிய அவன் போட்டது. நான் அடைச்சிட்டேன்" என்றாள் என்னிடம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவனும் இப்பிடித்தான தண்ணில மூச்சு முட்டிப் போயிருப்பான்."

நான் அவள் காலில் கொட்டிய சேற்றைக் கழுவிவிட்டேன்.

இப்போது அவள் எந்தப் பெட்டியையும் அடைப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் யாரும் ஏற்றுவதில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஐஸ் தண்ணீர் முதுகில் ஒழுக ஒழுக மார்க்கெட்டுக்கு நடந்தே போகிறாள்.