நீல டிரம்

மலேசியாவின் கேமரன் மலையில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் சிரிப்பார்கள். மத்தியானம் தவறாமல் மழை கொட்டும் ஊருக்கு என்ன கேடு என்பார்கள். கேடுதான். எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை ஒட்டிய ஓடையில் குனிந்து அள்ளிக் குடித்தவள் நான். மேலே இருந்த காட்டை வழித்துக் காய்கறித் தோட்டம் போட்டபின் ஓடை செஞ்சேறாக இறங்கியது. நாலு நாள் வெயிலடித்தால் அதுவும் வற்றியது. லயத்துக்கு ஒரே குழாய். அதில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், நாங்கள் கொழுந்தெடுக்கப் போன நேரமாகப் பார்த்து வரும்.

வீட்டிலிருக்கும் கிழவிகளிடம் பிடித்து வைக்கச் சொல்லலாம், அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் காய்கறித் தோட்டத்துப் பக்கம் முட்டைக்கோஸ் வெட்டப் போனபோது, பூச்சி மருந்து தீர்ந்து வெளியே கிடந்த நீல டிரம் ஒன்றைக் கேட்டு எடுத்து வந்தேன். சாம்பல், புளி, சோப்பு எல்லாம் போட்டு மூன்று தடவை கழுவினேன். வாடை போய்விட்டது. லயமே பொறாமைப்பட்டது, எனக்கும் பெருமைதான்.

அந்த மாதம் என் நாலு வயது மகளுக்கு அம்மை போட்டது. அம்மா வந்திருக்கும்போது டாக்டரிடம் போக மாட்டோம். ஏழாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அன்று குழாய் வரவில்லை. டிரம்மைச் சாய்த்து அடித் தண்ணீர் வரை வழித்தெடுத்தேன்.

புண் ஆறாத உடம்பு. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகியது, கைகால் வெட்டி இழுத்தது. அம்மாவுக்கு இன்னும் உக்கிரம் தணியவில்லை என்று நினைத்தேன், பாவி. இன்னும் இரண்டு செம்பு ஊற்றினேன்.

தோட்டத்து லோரியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். வீட்டில் பூச்சி மருந்து ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம்தான் டிரம் ஞாபகம் வந்தது.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் பாராங் கத்தியோடு அந்த டிரம்மை வெட்டப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“வெட்டாதீங்கக்கா. வேணாம்னா எனக்குக் குடுங்க லா. நான் நல்லாக் கழுவிக்கிறேன்.”

என் பிள்ளையைக் கொன்றது இதுதான் என்று கத்தினேன்.

“தெரியும்க்கா. தண்ணிய எதுல புடிச்சு வைக்கிறது, சொல்லுங்க.”

வெட்டிப் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் ஒரு நீல டிரம்மை லயத்துக்கு உருட்டி வந்தாள்.