வண்டியில் எழுதியிருந்த தேதி

“ஜூலை 9, செவ்வாய். ஐந்தருவி. காலையிலிருந்து சாரல் விடவில்லை. பழக்கடை அக்காவிடம் 41ஆம் படத்தைக் காட்டினேன். இடது ஓரத்தில் மூடையோடு நிற்பவர் தன் வீட்டுக்காரர் என்கிறார். சரிபார்க்க வேண்டும்.”

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை நான் ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளுக்குக் கீழேயும் எழுதுகிறவன். அதனால் அன்று அதற்குத் தனியாக ஒரு கனமும் இருக்கவில்லை.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் மீட்டர் கேஜ் காலத்தில் சரக்கு ரயிலில் என்னென்ன வந்தன, என்னென்ன போயின என்று தேடுவது, தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நான் எடுத்துக்கொண்ட வேலை. யாரும் கேட்டுச் செய்வதல்ல. பயணிகள் ரயிலைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலைக்குகை வழியாகக் கொல்லம் போன கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே தண்டவாளத்தில் போன உரத்தையும் நெல்லையும் மரத்தடியையும் வற்றல் மூடையையும் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் கூட்ஸுல போச்சு” என்பதோடு முடிந்துவிடும். பழைய பதிவேடுகள் கழித்துக் கட்டப்பட்டுவிட்டன. மிஞ்சியவை புகைப்படங்கள். அவற்றிலும் யாரும் சரக்கு வண்டியைப் படமெடுக்க நின்றதில்லை. எதையோ எடுத்த படத்தில் ஓரமாக அது நின்றிருக்கும்.

விதிவிலக்காக ஒரு பெட்டி கிடைத்தது. தென்காசி கோயிலுக்குப் பக்கத்து அக்ரகாரத்தில் பூட்டிக் கிடந்த வீட்டை விற்கச் சென்னையிலிருந்து வந்தவர்கள், பரணிலிருந்த ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். அவர்களுடைய தந்தை தென்காசி ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவர், கேமரா வைத்திருந்தவர். வீட்டு விசேஷங்களை எடுத்துவிட்டு மீந்த பிலிமை கூட்ஸ் ஷெட்டில் தீர்த்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். பெட்டியில் அறுபத்துமூன்று படங்கள். ஒன்றின் பின்புறத்திலும் தேதி இல்லை. சரக்கை வரவு வைத்து, ஒவ்வொரு ரசீதிலும் தேதி போட்டு வாழ்ந்த மனிதர், தன் படங்களில் ஒன்றில்கூட அதை எழுதாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நாற்பத்தொன்றாம் படத்தில் கூட்ஸ் ஷெட்டின் மேடை தெரியும். கதவு திறந்த இரண்டு மூடு வேகன்கள். ஐந்து ஆட்கள். ஷெட்டின் கூரைக்கு மேலே குற்றாலமலை, அதில் மேகம், மேகத்துக்குக் கீழே நகத்தால் கீறியதுபோல ஒரு வெள்ளைக்கோடு. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். ஆகவே சாரல் காலம். இடது ஓரத்தில் ஒருவர் பிடரியில் மூடையைத் தாங்கி நிற்கிறார். முகத்தில் பாதியை மூடை மறைத்திருக்கிறது.

இந்தப் படங்களின் பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலைவேன். பழைய லோடுமேன் குடும்பங்களைச் சேர்ந்த சிலர் சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போடுகிறார்கள். அப்படித்தான் ஐந்தருவிப் பாதையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்ற அந்த அக்காவைத் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன். இருவருமே அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று சாரலுக்கு அவருடைய தார்ப்பாய்க்குள் ஒதுங்கினேன். உறையைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, வீட்டுப் பத்திரமா?” என்றார். பழைய கூட்ஸ் வண்டிப் படம் என்றேன்.

“பென்சன் வாங்குனா மனுசன் இப்படியா ஆவான்! ஓடுத ரயிலைப் பாக்கவே ஆளில்ல, நீங்க ஓடாத ரயிலைத் தூக்கிட்டுத் திரியுதீய.”

பக்கத்தில் நேந்திரம் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண், “யக்கா, அதுல நீ இருக்கியான்னு பாரு, அப்பமே டிக்கெட் எடுக்காம வித்தவுட்டுல ரயிலேறித் திரிஞ்சியாமே” என்றாள்.

“ஏட்டி, சட்டியைப் பாரு. கரிஞ்ச சிப்ஸை வாங்க வாறவன்கிட்டத் தள்ளுத மாதிரி பேச்சையும் தள்ளாத.”

சிரித்துக்கொண்டே படங்களைப் புரட்டியவர் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பெருவிரலைப் படத்தின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். தொடவில்லை.

“இது அவுகள்லா” என்றார்.

நான் முகம் தெரியவில்லையே என்றேன்.

“முகத்தை யாரு பாத்தா? காலைப் பாருங்க. வலது குதிங்கால் தரையில பாவாம நிக்காக, பாத்தீயளா? ஆணிக்கால். எத்தனையோ வைத்தியம் பாத்தாச்சு. முதுகுல மூடை ஏறிட்டுன்னா இப்படித்தான் ஒத்தக்கால் கொக்கு மாதிரி நிப்பாக.”

அவருடைய கணவர் தென்காசி கூட்ஸ் ஷெட்டில் மூடை சுமந்தவர். மகனுக்குப் பதினொரு மாதம் நடக்கையில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கல்யாணத்தன்று எடுத்த ஒரே படம், மழையில் வீட்டுச் சுவர் விழுந்தபோது மண்ணோடு போய்விட்டது. வீட்டுச் சுவரில் மாமனார் படமும் மாமியார் படமும் மாலையோடு தொங்குகின்றன என்றார். “நடுவுல உள்ள எடத்துல காலண்டரை மாட்டிருக்கேன். திதி அன்னைக்கு இலை போட்டுட்டு எதைப் பாத்துக் கும்பிட? காலண்டரைப் பாத்துத்தான் கும்பிடுதேன்.” மகன் இப்போது கோயம்புத்தூரில் போலீஸ் ஏட்டு. சின்ன வயதில் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்பானாம். “கண்ணாடியைப் பாருலேன்னு சொல்லுவேன். ஆனா அவன் என்னையில்லா உரிச்சு வச்சிருக்கான், அண்ணாச்சி.”

அவருக்கு அந்தப் படம் பெரிதாக வேண்டும். மகனிடம் காட்ட வேண்டும். நடுச்சுவரில் மாட்ட வேண்டும். சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். “பாருங்க, பாருங்க. இத்தனை வருசம் இருந்தாச்சு, இன்னும் ரெண்டு வாரத்துல என்ன” என்றார்.

சரிபார்க்கும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. அதுதான் இதில் சங்கடம். அக்கா காட்டிய மகனின் பள்ளிச் சான்றிதழிலிருந்து பிறந்த தேதியை எடுத்தேன். தை அமாவாசைக்கு மறுநாள் இறந்தார் என்று அக்கா சொன்னதைப் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்து இறந்த நாளைக் குறித்தேன். பிறகு படத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, மூலைமூலையாகப் பார்த்தேன். மூடை சுமப்பவரின் முழங்கைக்குப் பக்கத்தில், வேகனின் பக்கவாட்டில், வெள்ளைப் பெயிண்டில் சிறிய எழுத்து இருந்தது. மேல்வரி முழங்கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. கீழ்வரியில் ஆங்கில ‘ஆர்’ என்ற எழுத்து. அதையடுத்து மாதமும் வருடமும். அக்காவின் கணவர் இறந்த அதே ஆண்டு. மாதம் செப்டம்பர்.

‘ஆர்’ என்றால் ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் செப்டம்பரில் பழுதுபார்த்து, தேதி எழுதி, வண்டியை வெளியே விட்டிருக்கிறார்கள். படம் அதற்குப் பிறகுதான் எடுக்கப்பட்டிருக்க முடியும். அவரோ அந்த ஆண்டுத் தை மாதமே இறந்துவிட்டார். கணக்கு எட்டு மாதம் இடித்தது.

முப்பத்துநான்கு வருடம் தபாலில் முத்திரை குத்தியவன் நான். தினமும் காலையில் முத்திரையின் தேதிக் கட்டையை மாற்றுவது என் முதல் வேலையாக இருந்தது. ஒரு பொருளின் மேல் தேதி இருந்தால் அது நடந்து முடிந்ததன் தேதி. அந்தப் பொருள் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. வரப்போகும் நாளை எந்தக் கடிதத்தின் மேலும் நான் குத்தியதில்லை. வேறு விதமாகவும் ஒரு தேதி இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செங்கோட்டையில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற வேகன் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார் என்று அப்போதே தெரியும். அரைமணி நேர பஸ் பயணம். போகவில்லை. சந்தேகம் இருந்தால்தானே போவதற்கு.

ஆகஸ்ட் கடைசியில், கூட்டம் வடிந்துபோன ஒரு நாள், பெரிதாக்கிய பிரதியோடு போனேன். எப்படியும் தருகிறேன் என்று சொல்லியிருந்ததால் எடுத்துப் போனேன். வேகனில் கண்ட தேதியை அக்காவிடம் விளக்கினேன்.

“அப்பம் இது அவுக இல்லையா?”

“தேதி ஒத்து வரலை அக்கா.”

“தேதியைத் தப்பா எழுதியிருக்க மாட்டாங்களா?”

“பெயிண்ட்ல தெளிவா இருக்கு. எழுதின தேதிக்கு முந்தியே படத்தை எடுத்திருக்க முடியாதுல்லா.”

“கால்?”

மூடை சுமக்கிற பலருக்கும் ஆணிக்கால் இருக்கும் என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அக்கா பிரதியின் மேல் விழுந்திருந்த சாரல் துளியை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“வச்சுக்கோங்க அக்கா” என்றேன்.

“எவளோ ஒருத்தி புருசனை நான் எதுக்கு என் வீட்டுச் சுவத்துல மாட்ட? அவ எங்கன இருந்து தேடுதாளோ. அவளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

கடையின் பின்பக்கம் பழக்கூடைகளுக்கு இடையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சட்டம் சாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “அதுல குத்தாலநாதர் படத்தைப் போட்டுக்கிடுதேன். சாமிக்குத் தேதி கெடையாதுல்லா” என்று சிரித்தார். இரண்டு கைப்பிடி மங்குஸ்தானைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அடுத்த சீசனில் போனபோது அந்த இடத்தில் வேறு யாரோ மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். அக்கா மாசி மாதம் இறந்துவிட்டதாகச் சிப்ஸ் கடைப் பெண் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். “உங்க படத்தைப் பத்தி ஒருநா சொல்லிட்டிருந்தா” என்றாள். “அண்ணாச்சி படிச்சவுக, அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்; ஆனா அந்தக் கால் மட்டும் எப்படின்னுதான் எனக்கு வெளங்க மாட்டேங்குதுன்னா.”

செங்கோட்டைக்கு அதற்கு ஐந்து மாதம் கழித்துப் போனேன். அதுவும் வேறு காரியமாக. வேகன்களின் மேல் இருக்கும் குறியெழுத்துகளுக்குப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். பரிசோதகருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மட்டும் கூர்மை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத்துகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்று வந்தது.

“இது ரிட்டர்ன் தேதி” என்றார்.

ரிப்பேர் இல்லையா என்றேன்.

“ரிப்பேரா? நல்ல ஆளுவே நீரு! ஒர்க்‌ஷாப்ல வேலை முடிஞ்ச தேதி மேல்வரியில இருக்கும். அதைத்தான் இந்த ஆள் முழங்கையை வச்சு மறைச்சுட்டு நிக்கானே. கீழ இருக்கது, இந்தத் தேதிக்குள்ள வண்டி திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போயிரணும்னு எழுதுதது. வரப்போற தேதிவே அது.”

அப்படியானால் படம் அந்தச் செப்டம்பருக்கு முன்னால் எடுத்ததா என்று கேட்டேன்.

“முந்தித்தான் இருக்கணும். மூணு மாசம் முந்தியும் இருக்கலாம், ரெண்டு வருசம் முந்தியும் இருக்கலாம். எங்கனயாவது முடங்கிக் கெடந்து தேதி தாண்டி ஓடுன வண்டியும் உண்டும். ஏன், அதுல என்ன இப்பம்?”

ஒன்றுமில்லை என்றேன். பஸ் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அக்காவின் கணவர் இறந்த பிறகு வந்த சாரலில் எடுத்திருந்தால், அது வேறொருவர். அதற்கு முந்திய ஏதாவதொரு சாரலில் எடுத்திருந்தால், அவர் உயிரோடு, அதே ஷெட்டில், அதே வேலையில் இருந்திருக்கிறார். இரண்டில் எது என்று சொல்ல மறைந்த மேல்வரியாலும் முடியாது. ஆணிக்காலை வைத்துச் சொல்ல முடிந்த ஒருவர் இருந்தார். அவரிடம்தான் நான், அது அவருடைய கணவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சிப்ஸ் கடைப் பெண்ணிடம் எண் வாங்கி மகனுக்குப் போன் செய்தேன். முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். அவர் போலீஸ்காரர், இடையிடையே சிறு கேள்விகள் போட்டுக் கேட்டுக்கொண்டார். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“நாங்க கேஸுல ஆளை அடையாளம் காட்ட வீட்டாளுகளைத்தான் சார் கூப்பிடுவோம். அம்மா அடையாளம் காட்டியிருக்காவ. நீங்க ஏத்துக்கிடல.”

ஆமாம் என்றேன்.

“சரி. அடுத்த மாசம் அப்பாவுக்குத் திதி வருது. அம்மா போன பொறவு முத திதி. நான் இதை மாட்டவா, வேண்டாமா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.”

“அவராக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியலை.”

“அப்பம் தெரியாதுங்கீங்க.”

“ஆமா. தெரியாது.”

அவர் கோபம் இல்லாமலே சொன்னார்: “இதை அம்மாட்டயும் சொல்லியிருக்கலாம்லா சார். தெரியாதுன்னு.”

அவர் படத்தை மாட்டினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பெட்டியிலுள்ள மற்ற அறுபத்திரண்டு படங்களையும், குமாஸ்தாவின் குடும்பத்தார் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் வைத்து, அந்தப் படம் எந்த ஆண்டுச் சாரலில் எடுக்கப்பட்டது என்று பார்த்துவருகிறேன். இதுவரை பிடி கிடைக்கவில்லை. இடது ஓரத்தில், வலது குதிங்கால் ஊன்றாமல் நிற்பவர் அக்காவின் கணவர்தானா என்பது உறுதி செய்யப்படவில்லை. அவர் இல்லை என்பதும் உறுதி செய்யப்படவில்லை.