பன்னிரண்டாம் இருக்கையின் தகடு

விரல் நீளப் பித்தளைத் தகடு. ஒரு குடும்பப் பெயரும் பன்னிரண்டு என்ற எண்ணும் அதில் வெட்டியிருக்கின்றன. போன மாதம் ஜெர்மனியிலிருந்து பார்சலில் வந்தது. அப்பா இறந்துவிட்டார், கொட்டகையைப் பிரித்தபோது இது பதித்திருந்த பெட்டி விறகுக்குப் போய்விட்டது, இதை மட்டும் உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார் என்று எனக்குப் பழக்கமான ஜெர்மன்காரர் ஒருவரின் மகள் எழுதியிருந்தாள்.

அருப்புக்கோட்டை மில்லில் நான் ஃபிட்டராக இருந்தபோது புது மிஷின் பூட்ட வந்தவர் அந்த ஜெர்மன்காரர். எங்கள் வெயிலில் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்க, எங்களோடு தரையில் உட்கார்ந்து பரோட்டா தின்பார். பிறகு பயிற்சிக்காக என்னை அவர் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்கள் நிறுத்தும் காலியிடம் ஒன்றைக் காட்டினார். யூதர்களின் தொழுகைக்கூடம் அங்கேதான் இருந்ததாம். நரிக்குடிப் பக்கம் ஆடு வாங்கி விற்பவர்களைப் போல, மாடு வாங்கி விற்ற குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள். ஹிட்லர் காலத்தில் கூடத்தை அழிக்க வந்தவர்கள், நெருக்கமான தெருவில் தீ வைத்தால் தங்கள் வீடும் பற்றுமென்று கோடரியால் உடைத்தார்கள். உடைத்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தார்தான். யூதர்களில் தப்பி ஓடியவர்கள் போக, மிச்சப் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

அவர் வீட்டுக் கொட்டகையில் ஸ்பானர் போட்டுவைக்கும் பெட்டி ஒன்று கிடந்தது. அது அந்தக் கூடத்து இருக்கை. அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் தனி இடம் உண்டு. பலகையைத் தூக்கினால் ஜெபப் புத்தகம் வைக்கும் அறை இருக்கும். உடைத்த மறுநாள் அவர் அப்பா தூக்கி வந்திருக்கிறார். போரெல்லாம் முடிந்து, இவருக்குப் பத்து வயதிருக்கும்போது, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் இருக்கை ஏதும் மிஞ்சியதா என்று வீடு வீடாகக் கேட்டாராம். இவர் அம்மா ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். இவர் கொட்டகையில் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"அவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடவா?" என்று என்னிடம் கேட்டார். ஊரில் யாரிடமும் கேட்க முடியாததை அசலூர்க்காரனிடம் கேட்டார். நான் பெரிய மனுஷத்தனமாக, இழவு வீட்டில் சொல்வதுபோல, அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன்: உங்கப்பா செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. அவர் முகம் தெளிந்தது. பலகையை மூடினார். ஆறுதல் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு. கொடுத்துவிட இருந்த மனிதரை நான்தான் தடுத்தேன்.

"ஏங்க, அந்த ஜெர்மன்காரவுகளே போய்ச் சேந்துட்டாக. இத்தன வருசம் கழிச்சு யாரு வந்து கேக்கப் போறா? விடுங்க" என்கிறாள் என் மனைவி. என் வாயிலிருந்து வந்த அதே சொல்தான், அவளை எப்படிக் கோபிப்பது?

தகட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். விலாசத்தை இனிமேல்தான் தேட வேண்டும். மன்னிப்பு என்று தொடங்கிய மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நாலாவதில், வீடு வீடாகக் கேட்டவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன்: 'உங்கள் இருக்கை எங்களிடம்தான் இருந்தது.'