அமைச்சர் வாசித்த என் பதில்

இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதம் அது. மன்னார்த் தீவில் நான் பதினெட்டு வருடமாகக் கிளார்க் வேலை பார்க்கும் ஓர் அரச கந்தோரில் இந்தக் கதை தொடங்கியது. எந்தக் கந்தோர், யார் யார் என்ற விபரமெல்லாம் வேண்டாம். பிழை என்னுடையது. அதற்குள் நாலு பேரை இழுத்துவிட்டு நான் மெல்ல நழுவ விரும்பவில்லை.

கடிதம் எழுதுவதில் எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மேலிடத்துக்குப் போகிற கடிதம் என்றால் என் மேசைக்குத்தான் வரும். வாசிப்பவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாதபடி எழுதுவேன். கந்தோரில் அதற்காக என்னைப் பாராட்டுவார்கள், நானும் பாராட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பேன். இப்போது யோசித்தால், திருப்பிக் கேட்க இடம் வைக்காமல் எழுதியதுதான் நான் செய்த முதற் பிழை.

எங்கள் பக்கத்து எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் கடைசி வரிசையில் இருப்பவர். மெலிந்த மனிதர். சட்டைப் பை எப்போதும் சனங்கள் கொடுத்த துண்டுக் கடிதங்களால் புடைத்திருக்கும். அவர் எழுந்து பேசினால் ரீவியில் பாதித் தலைதான் தெரியும் என்று நாங்களே பகிடி பண்ணுவோம். முசலிப் பக்கத்தில் ஒரு சின்ன வைத்தியசாலைக்கு டொக்டர் இல்லை, கிழமையில் இரண்டு நாள் மட்டும் ஒருவர் வந்து போகிறார் என்பதை அவர் கேள்வியாகப் போட்டிருந்தார். கேள்வி ஏழெட்டு மாதமாகக் கிடந்தது. முறை வந்தபோதெல்லாம் அமைச்சர் தரப்பு அவகாசம் கேட்டது. மூன்றாம் தடவை இனி அவகாசம் கேட்க முடியாது என்ற நிலை வந்தது.

பாராளுமன்றத்தில் அமைச்சர் வாசிக்கும் பதிலை அமைச்சர் எழுதுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி அமைச்சிலிருந்து மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து மாவட்டத்துக்கும் படி படியாக இறங்கி, கடைசியில் என்னைப் போல ஒருத்தியின் மேசையில் வந்து விழும். அங்கே எழுதப்படும் சொல் அதே படிகளில் ஏறி அமைச்சரின் வாய்க்குப் போகும். இடையில் யாரும் அதைத் தட்டிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அது காலை பத்து மணிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டுமாம். கேள்வியில் மூன்று பிரிவுகள். (அ) அந்த வைத்தியசாலைக்கு நிரந்தர வைத்தியர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளாரா? (ஆ) பாம்புக் கடி உட்பட அவசர சிகிச்சை எந்த நேரமும் அங்கு கிடைக்கிறதா? (இ) இன்றேல், ஏன்? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்று போட்டால் கடைசிப் பிரிவுக்கு ‘எழாது’ என்ற ஒற்றைச் சொல் போதும். அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று அர்த்தம். ‘இல்லை’ என்று போட்டால்தான் சிக்கல். ஏன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், அந்த ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் விளக்கம் கேட்பார்கள்.

எங்கள் கந்தோர்ப் பெரியவர் வவுனியாவில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில் பிடித்தேன். "போன கிழமை ஒரு டொக்டருக்கு நியமனக் கடிதம் போனதுதானே, ஆம் எண்டு போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார். அது உண்மைதான், கடிதத்தின் பிரதி என் கோப்பிலேயே இருந்தது. பாம்புக் கடி மருந்து அனுப்பியதற்கும் காகிதம் இருந்தது. எதற்கும் கேட்போம் என்று அந்த வைத்தியசாலைக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். அடித்து அடித்து நின்றது. வேலையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆம், ஆம், எழாது. பதினொன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, பணிஸ் தின்று தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அடுத்த கிழமை அந்த வீடியோ என் போனுக்கும் வந்தது. அமைச்சர் நான் எழுதியதை அப்படியே வாசித்தார். எங்கள் எம்.பி. எழுந்தார். மேலதிகமாக இரண்டு கேள்வி கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஊர்ச் சனம் சந்தோசப்படும் என்று சொல்லி, நன்றி தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார். நான் அந்த வீடியோவை வீட்டில் என் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். இது நான் எழுதினது என்று பெருமையாகச் சொன்னேன்.

நியமனம் கிடைத்த டொக்டர் அங்கே வரவேயில்லை. மேன்முறையீடு செய்து வேறிடம் போய்விட்டார். அந்தச் செய்தி வேறொரு கோப்புக்குப் போனது, என் மேசைக்கு வரவில்லை. நானும் தேடவில்லை.

பங்குனி மாதம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கத்தில் ஒரு விவசாயியை வயலுக்குள் புடையன் பாம்பு கடித்தது. நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், இரண்டு சின்னப் பிள்ளைகள். தம்பியார் தன் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். மனைவியும் கூட ஏறியிருக்கிறார். சந்தியில் ஒரு பக்கம் மன்னார், மறு பக்கம் அந்தச் சின்ன வைத்தியசாலை. தம்பியார் மன்னார்ப் பக்கம் திருப்பப் போக, மனைவிதான் மறித்தாராம். நம்மட ஆசுப்பத்திரியில இப்ப டொக்டர் இருக்கிறார், அமைச்சரே சொன்னார், பள்ளிவாசல் வாட்ஸப்பில வந்தது என்று.

அங்கே ஒரு சிற்றூழியர் மட்டும் இருந்தார். டொக்டர் இல்லாமல் அந்த மருந்தை ஏற்றக்கூடாது. அம்புலன்ஸுக்குச் சொல்லி, அது வர நேரமாகி, கடைசியில் அதே ஓட்டோவில் வந்த வழியே திரும்பி மன்னாருக்கு ஓடினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீணாகிப் போயிற்று. மறுநாள் அவர் இறந்துவிட்டார். நேரே வந்திருந்தால் நிச்சயம் தப்பியிருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. தப்பியிருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

நாலாம் நாள் எம்.பி. எங்கள் கந்தோருக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் கதிரையில் உட்கார்ந்து, அந்தப் பதில் அச்சடித்த தாளை மேசையில் விரித்தார். "நான் ஆரோடயும் சண்டைக்கு வரேல்ல. இதை எழுதினது ஆர் எண்டு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். இதெல்லாம் அமைச்சில் தயாரிப்பது என்று பெரியவர் சொன்னார். நான் பக்கத்திலேயே கோப்போடு நின்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு இருக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடி, அவர் வாகனத்தில் ஏறுவதற்கு முதல் போய், "நான்தான் எழுதினனான், சேர்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"நீங்கள் எழுதினதை நான் நம்பினன்" என்றார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியப் பள்ளி வாசல்ல நிண்டு சொன்னனான், இனி மன்னாருக்கு ஓடத் தேவையில்ல எண்டு. ஒருக்காப் போய் எட்டிப் பார்த்திட்டுச் சொல்லியிருக்கலாம். பார்க்கேல்ல."

பிறகுதான் அந்த வீட்டு நிலைமையைச் சொன்னார். மாமியார் மருமகளோடு பேசுவதில்லை. என் மகனை எதிர்ப் பக்கம் கொண்டுபோய்க் கொன்றவள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறாராம். அந்தப் பெண்ணும் தான் செய்த கொலைதான் அது என்று நம்பிவிட்டாராம். எம்.பி. அந்த வீட்டு ஆண்களிடம் விளக்கியிருக்கிறார், அது உள்ளே போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் இத்தாவில் இருக்கிறார். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முகம் பாராமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. "எனக்கு உள்ளுக்குப் போக ஏலாது. நீங்கள் ஒரு பொம்பிளை, நீங்கள் போகலாம்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது நாள் யோசித்தேன். வேலை போய்விடுமோ, வழக்கு வருமோ, அங்கே சனம் அடிக்க வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஞாயிறு பூசைக்குப் போய் முழங்காலில் நின்றும் இதைத்தான் யோசித்தேன். செய்த பிழையைவிட அந்த ஒன்பது நாள் எனக்கு வெட்கம்.

பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, எம்.பி.க்குப் போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தள்ளாடிச் சந்தி தாண்டி, சிலாவத்துறை தாண்டி, முதலில் அந்த வைத்தியசாலை வாசலில்தான் இறங்கினேன். பதினாறு வருடமாகக் காகிதத்தில் எழுதிய இடத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன். முற்றத்தில் ஆடுகள் படுத்திருந்தன. டொக்டரின் அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சிற்றூழியரிடம், தை மாதம் போன் அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லையே என்று கேட்டேன்.

"போன் டொக்டர்ட அறைக்குள்ள இருக்கு, மிஸ்" என்றார். "அடிக்கிறது கேக்கும். அறை பூட்டியிருக்கு, திறப்பு எங்களிட்ட இல்ல."

அன்றைக்கு அந்தப் போன் எனக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. எடுக்க ஆளில்லை என்பதுதான் அந்தப் பதில். அதை வைத்துவிட்டு நான் ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வீட்டு முற்றத்தில் எம்.பி. ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார். உள்ளே ஜன்னல் மூடிய அறையில் வெள்ளை உடுப்போடு அந்தப் பெண் பாயில் இருந்தார். முப்பது வயதிருக்கும். நான் கீழே அவருக்கு முன்னால் உட்கார்ந்து, எழுதிப் பாடம் பண்ணிக்கொண்டு போன எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

"தங்கச்சி, அமைச்சர் வாசிச்ச அந்தப் பதிலை எழுதினது நான். அங்க டொக்டர் இருக்கிறாரோ எண்டு நான் பார்க்கேல்ல. பார்க்காமலே இருக்கிறார் எண்டு எழுதினன். நீங்கள் ஒரு பிழையும் விடேல்ல."

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மன்னாரிலிருந்து பஸ்ஸில் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் என்றேன். "ஒரு மணித்தியாலம்தானா, மிஸ்" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"மாமி, கொஞ்சம் இஞ்ச வாங்க. இவங்க சொல்றத ஒருக்காக் கேளுங்க."

மாமியார் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பிச் சொல்லச் சொல்லி அந்தப் பெண் என்னைப் பார்த்தார். முதல் தரம் சொன்னது எனக்கு ஒன்றுமேயில்லை. மகனைப் புதைத்துவிட்டு நிற்கிற ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அதே சொற்களை இரண்டாம் தரம் சொன்னபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது முழுதாக எனக்கு விளங்கியது. அவர் கேட்டு முடித்து, கதவடியிலேயே குந்திவிட்டார். முற்றத்தில் ஆண்கள் கதைப்பது கேட்டது.

கடைசியில் மருமகளைப் பார்த்து, "மிஸ்ஸுக்கு ஏதும் குடிக்கக் குடுத்தியாம்மா?" என்று கேட்டார். மையித்து எடுத்து அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் மருமகளோடு பேசியது அதுதான் முதல் தடவை என்று வெளியே வந்தபின் எம்.பி. சொன்னார். நான் அவர்கள் ஊற்றித் தந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நல்லது நடந்தது என்று இதை முடிக்க எனக்கு ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன். எம்.பி. அதே கேள்வியை மறுபடியும் போட்டார். அது அதே படிகளில் இறங்கி என் மேசைக்கே வந்தது. இந்த முறை இல்லை, இல்லை என்று எழுதினேன். ஏன் என்ற பிரிவுக்கு, பூட்டிய அறையும் உள்ளே அடிக்கிற போனும் உட்பட, ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல் பதில் என்னுடையது, அது பிழை என்றும் எழுதினேன். பாராளுமன்றத்தில் அமைச்சர் பதில் நீளமாக இருக்கிறது என்று சொல்லி, வாசிக்காமல் சபாபீடத்தில், சபையின் மேசையில், வைத்துவிட்டார். எங்கள் எம்.பி. கையை உயர்த்திக்கொண்டு நின்றார், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். வீடியோவில் வழக்கம்போலப் பாதித் தலைதான் தெரிந்தது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள். டொக்டர் ஒருவர் வர இன்னும் ஏழு மாதம் போயிற்று. அவர் இருக்கிறாரா என்று இப்போதும் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னிடம் அதை யாரும் கேட்பதில்லை.

இத்தனை வருடத்தில் நான் கொடுத்த பதில்களில் அந்த அறைக்குள் பாயடியில் இருந்து இரண்டு தரம் சொன்ன பதில் ஒன்றுதான் உண்மையாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பதில் யாருக்குத் தேவைப்பட்டதோ, அந்த மனிதர் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு கிழமை முந்தியே மையவாடிக் குழிக்குப் போய்விட்டார்.