தவமணி அக்கா காலுறையைக் கழற்றிய நாள்

செவ்வாய்க்கிழமை காலை, மோர்னிங்சைட் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபோது தவமணி அக்காவின் மகன் அழைத்தான். "அங்கிள், அம்மா விடியக்காலமை நித்திரையிலேயே போயிட்டா" என்றான். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. நித்திரை என்ற சொல்லே காதில் நின்றது. அதற்காக அந்த மனுசி பட்ட பாடு எனக்குத் தெரியும்.

செத்தவீட்டில் அவருடைய தேவாரத்தையும் மோதகத்தையும் பற்றி எல்லோரும் பேசினீர்கள். கஞ்சா எண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருவர் அதைச் சொல்லிச் சிரித்ததைத் தவிர. இந்த நினைவு மலருக்கு எழுதக் கேட்ட நம் முதியோர் சங்கச் செயலாளரும், "அந்தக் கதையை மட்டும் விடுங்கோ அண்ணை" என்றார். விடமாட்டேன். அவரிடம் நான் கண்ட பெரிய விசயமே அதுதான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் நோய் அடங்கியது. ஆனால் அக்காவின் பாதங்களில் நரம்பு எரிச்சல் தங்கிவிட்டது. எந்தக் குளிசைக்கும் அது கேட்கவில்லை, உறக்கம் போயிற்று. மருத்துவக் கஞ்சாவுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சங்கத்தில் தேநீர் குடிக்கும்போது எல்லோர் முன்னிலும் சொன்னார். இந்த நாட்டில் சட்டப்படி கஞ்சா விற்கும் கடை சந்திக்குச் சந்தி இருக்கிறதே, மகனை விட்டு ரகசியமாக வாங்கலாமே என்றார் ஒருவர்.

"எனக்கு நோகுதெண்டு ஒரு டொக்டர் கையெழுத்து வைக்கவேணும். களவாக் குடிக்க நான் என்ன சாராயமே கேட்டனான்?" என்றார் அக்கா.

மகனுக்கு வேலை என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார். எந்தப் பள்ளிக்கூடமும் தராத என் இங்கிலிசில் நம்பிக்கை வைத்த ஒரே ஆள் அவர்.

முதல்முறை நடந்தது நம்மவர்கள் மட்டுமே செய்யும் பிழை. தலைக்கு முழுகி, நல்ல சேலை உடுத்து, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போவதுபோல் வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்க, நல்லாயிருக்கிறேன் என்று சிரித்து, அவருடைய பிள்ளைகளின் சுகத்தையும் விசாரித்தார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள், இப்போதைக்கு அது தேவையில்லை என்று டொக்டர் அனுப்பிவிட்டார். திரும்பும் பேருந்தில் நான் டொக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அவரிலை பிழையில்லை, தம்பி. நான்தான் பொய் சொன்னனான்." எழுபது கடந்த என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

மறுபடி போனோம். வீட்டில் போடும் சட்டை, வாராத தலை. உள்ளே போகுமுன், "நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்" என்றார். டொக்டர் வழமைபோலச் சுகம் கேட்டார். அக்கா குனிந்து, காலுறைகளைக் கழற்றி, வெறும் பாதங்களைத் தரையில் வைத்தார். வைத்ததும் முகம் சுருங்கியது.

"தரை தணலாக் கிடக்கு. இந்தக் காலை வெட்டி எறிஞ்சால் நித்திரை வருமோ எண்டு யோசிக்கிறன். போனமுறை சொல்ல வெக்கமாயிருந்தது."

நான் தயங்கினேன். அவர் என்னையே பார்த்தார். சொல்லுக்குச் சொல் சொன்னேன். புருசனைப் பறிகொடுத்தபோதும் நாலு பேர் முன் அழாத மனுசி அவர். என் பாதங்களும் சீனி வருத்தத்தில், இந்த நீரிழிவில், எரிபவைதான், மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. ஊரில் போர் நடந்து குண்டு விழுந்த காலத்தில் துணிந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அந்தச் சின்ன அறையில் கண்டதற்கு ஈடாக அவர்களில் ஒருவரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

டொக்டர் கையெழுத்து வைத்தார். எண்ணெய் தபாலில் வந்தது. அக்கா அந்தப் போத்தலைச் சமையலறை மேசையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்கள் வந்தால் மேசை லாச்சிக்குள் மறைத்து வைக்கச் சொன்னான் மகன். "உது களவெடுத்த சாமானே?" என்று கேட்டார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் உறங்கினார். பின்பு நோய் திரும்பி வந்தபோதும், கேட்டுப் பெற்ற அந்த உறக்கம் அவரிடம் இருந்தது.

எனக்கு அந்த எண்ணெய் வேண்டாம். அக்காவோடும் அப்படித்தான் வாதாடினேன், இன்னும் மாறவில்லை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் என் டொக்டர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லாயிருக்கிறேன் என்பது வாய்வரை வந்தது.

குனிந்து காலுறையைக் கழற்றினேன்.