மூணாம் நம்பர் மேசை

என் தங்கச்சியைப் பத்திச் சொல்லணும்னா அவளோட ரெண்டு பையிலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒண்ணுல கறுப்பு ஷூ, வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட ஏப்ரன். இன்னொண்ணுல லேப்டாப், செங்கல் கணக்கா ரெண்டு புத்தகம். திங்கள், செவ்வாய், புதன் ஹோட்டல்ல பயிற்சி: படுக்கை விரிக்கணும், தட்டு தூக்கணும், விருந்தாளி திட்டினாலும் சிரிக்கணும். வியாழன்லேர்ந்து சனி வரைக்கும் யுனிவர்சிட்டி: சுற்றுலா, நிகழ்ச்சி மேலாண்மை. நாலு வருஷம் முடிஞ்சா தொழில் சான்றிதழும் பட்டமும் ஒண்ணா வரும். ஒண்ணு போனா ரெண்டும் போச்சு. இந்தப் படிப்பைக் கண்டுபிடிச்ச ஆள் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருப்பேன்.

அவ எனக்குப் பதினாலு வயசு சின்னவ. வீட்ல அவ பேரே சின்னவதான். அவ பயிற்சிக்கு வந்தது நான் வேலை பார்க்கிற ஹோட்டலுக்கே. லினன் ரூம் என் பொறுப்பு. மேசை விரிப்பு, நாப்கின், படுக்கை உறை எல்லாம் என் கை படாம வெளியே போகாது. இருபத்திரண்டு வருஷம். சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம். யாராவது என் வேலையை எனக்கே சொல்லிக் கொடுத்தா அது மூக்கைத் தாண்டியும் வரும்.

வீட்லயும் அவ சும்மா இருக்க மாட்டா. இடது பக்கமா வந்து பரிமாறணும், வலது பக்கமா எடுக்கணும்னு சாப்பாட்டு நேரத்துல பாடம் எடுப்பா. "முதல்ல சோத்தைப் போடுடி, பசி எந்தப் பக்கமும் பார்க்காது"ன்னு நான் கத்துவேன். அம்மா சிரிப்பாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே இடது பக்கமாத்தான் வருவா, பிடிவாதக்காரி.

கடைசிப் பரீட்சை பேப்பர்ல எழுதறது இல்லை. நெஜமான ஒரு மதிய விருந்தை முன்னாடி நின்னு நடத்தணும். ரெண்டு தடவைதான் வாய்ப்பு. போன வருஷம் மைக் செத்துப்போச்சு, இவ நின்ன இடத்துலயே சிலையா நின்னுட்டா. பத்து நிமிஷம் ஹாலே மௌனம். ஃபெயில். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதா. இந்த வருஷமும் போச்சுன்னா நாலு வருஷமும் தண்ணியில போட்ட மாதிரிதான்.

மார்க் போட ரெண்டு பேர். யுனிவர்சிட்டியிலேர்ந்து ஒரு பேராசிரியர் அம்மா. ஹோட்டல் பக்கம் விருந்தெல்லாம் கவனிக்கிற எங்க பேங்க்வெட் மேனேஜர். அவரை நாங்க ஸ்டாப்வாட்ச்னுதான் சொல்வோம், அவர் காதுல விழாம. பேராசிரியருக்கு, நடத்தறவ மேடைப் பக்கம் தன் இடத்தை விட்டு நகராம மத்தவங்களை வேலை வாங்கணும். ஸ்டாப்வாட்சுக்கு, ஹாலுக்குள்ள யாரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. ரெண்டு பேர் மனசும் குளிர நடக்கறது லேசுப்பட்ட காரியமா?

விருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு. நூத்தியிருபது பேர், பன்னிரண்டு மேசை. அதுல ஒரு தலைமையாசிரியருக்கு வேர்க்கடலை ஆகாது. போன தடவை எங்கேயோ தெரியாம சாப்பிட்டு மூச்சு அடைச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாராம். அவர் மனைவி ஹோட்டலுக்குப் போன் பண்ணி அழுதே விட்டாங்க. எங்க விருந்துலயோ கோழிக்கு வேர்க்கடலை சாஸ். அவருக்கு மட்டும் சாஸ் இல்லாத தட்டு, மேல பச்சைக் கொடி குத்தி, மூணாம் நம்பர் மேசைக்குப் போகணும்.

விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம் சின்னவ ஒரு தாளோட என் ரூமுக்கு வந்தா.

"அக்கா, நாளைக்கு மேசை நம்பர் மேடையிலேர்ந்து ஆரம்பிக்குது. கேப்டன்கிட்ட இதைக் கொடுத்துச் சொல்லிடு. நீ சொன்னாத்தான் அவர் கேப்பாரு."

கேப்டன்னா பரிமாறுறவங்களுக்குத் தலைவர். எங்க ஹோட்டல்ல மேசையை மேடைக்கு எதிர்க்கோடியில இருக்கிற சமையல்கட்டு வாசல்லேர்ந்துதான் எண்ணுவோம். வாசலைத் தாண்டினதும் ஒண்ணு, அடுத்தது ரெண்டு. மேசை மேல நம்பர் பலகை வெச்சாலும் எவனும் பார்க்க மாட்டான், கால் தானா போகும்.

"இருபத்திரண்டு வருஷமா நாங்க எண்ணினது தப்பாடி?"

"தப்புன்னு யாரு சொன்னா அக்கா? விருந்தாளிங்க மேடையைப் பார்த்துத்தான் வருவாங்க, அதான்."

அவ ஓடிட்டா, தலைக்கு மேல வேலை. நான் தாளை மடிச்சு ஏப்ரன் பைக்குள்ள போட்டேன். மறந்தேன்னு சொன்னா பொய். கேப்டனை அன்னைக்கு ரெண்டு தடவை பார்த்தேன், கொடுக்கல. நேத்து வந்த பொண்ணு, நாளைக்கு எனக்கே மேலதிகாரியா வரப்போறா, இப்பவே தாள் நீட்டுறாளேன்னு வயித்தெரிச்சல். பலகை இருக்கே, பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன். தலைமையாசிரியர் ஞாபகமே எனக்கு வரல.

மறுநாள் ஹால் நெறைஞ்சது. நான் சமையல்கட்டு வாசல் பக்கம் நாப்கின் வண்டியோட நின்னேன். சின்னவ அந்தக் கோடியில மேடை ஓரமா, கறுப்புக் கோட்டுல நிமிர்ந்து நின்னா. மைக் வேலை செஞ்சது. பேச்சு நேரத்துக்கு முடிஞ்சது. ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினாரு, அவரு தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கே பெருமையா இருந்தது.

கதவு திறந்தது, தட்டுங்க வெளியே வந்தது. பச்சைக் கொடி என் மூக்குக்கு நேரா போச்சு. போய், வாசல்லேர்ந்து மூணாவது மேசையில இறங்கிச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிற மூணாம் நம்பர் அந்தக் கோடியில, மேடைக்குப் பக்கத்துல. அங்க பத்துத் தட்டும் சாஸோட இறங்கிக்கிட்டிருக்கு. கத்தணும்னு வாயைத் திறந்தேன், சத்தம் வரல. கால் தரையோட ஒட்டிக்கிச்சு. சண்டைன்னா ஊருக்கே கேக்கிற குரல் எனக்கு, அன்னைக்குப் பார்த்து எங்க போச்சோ, பாழாப்போனது!

சின்னவ பச்சைக் கொடியைப் பார்த்தா. மூணாம் நம்பரைப் பார்த்தா. அவர் கரண்டியை எடுத்துட்டாரு.

அவ ஓடினா. மேடைக்கு முன்னாடி, நூத்தியிருபது பேர் பார்க்க, ஒரு நாற்காலியைத் தள்ளிக்கிட்டு ஓடினா. "ஐயா, சாப்பிடாதீங்க!" ஹாலே அதிர்ந்தது. அவர் கையிலேர்ந்து கரண்டியைப் பிடுங்கிட்டா, சாஸ் அவ கோட்டெல்லாம் தெறிச்சது. மனுஷன் இன்னும் வாயில வைக்கல. எனக்கு உசிர் போய் உசிர் வந்தது.

விருந்து முடிஞ்சதும் பின்பக்கச் சின்ன ரூம்ல விசாரணை. கேப்டன், நான், சின்னவ, மார்க் போடற ரெண்டு பேர்.

ஸ்டாப்வாட்ச் கேட்டாரு. "ஓடினே, கத்தினே. விதி தெரியுமில்ல?"

"தெரியும் சார். இன்னொரு தடவை நடந்தாலும் ஓடுவேன்."

"இன்னொரு தடவை உனக்குக் கிடையாதும்மா."

"அதுவும் தெரியும் சார்."

அவர் மார்க் தாளை முன்னாடி இழுத்து வெச்சாரு. "விருந்தாளி உசிருக்கு ஆபத்துன்னா எந்த விதியும் கிடையாது. என் பக்கம் பாஸ்."

பேராசிரியர் அம்மா விடல. "இடத்தை விட்டு ஓடினது சரி, ஆனா பரிமாறுறவங்களுக்கு நம்பர் மாறினது தெரியவே இல்லை. திட்டம் போட்டுட்டுச் சொல்லாம விட்டா நான் எப்படிப் பாஸ் போடறது? யார் சொல்லியிருக்கணும்?"

கேப்டன் கையை விரிச்சாரு. சின்னவ என் பக்கம் ஒரு தடவை பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. உடனே தலையைத் திருப்பிக்கிட்டா.

"நான்தான் மேடம் சொல்லல. என் தப்பு."

நாலு வருஷத்தை ஒரே வாக்கியத்துல எனக்காகத் தூக்கிப் போட்டா, பாவி மக. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஏப்ரன் பைக்குள்ள கையை விட்டேன். மடிச்ச தாளை மேசை மேல வெச்சேன்.

"என்கிட்ட நேத்தே கொடுத்தா மேடம். நான்தான் வேணும்னே கேப்டன்கிட்ட கொடுக்கல. வீம்பு."

ஸ்டாப்வாட்ச் என்னை முறைச்சாரு. அன்னைக்கே எனக்கு மெமோ வந்தது, இருபத்திரண்டு வருஷத்துல முதல் மெமோ.

பேராசிரியர் அம்மா தாளைப் பிரிச்சுப் பார்த்துட்டு சின்னவளோட ஃபைலைப் புரட்டினாங்க. மைக் செட்காரர், பூக்காரர், சமையல் மாஸ்டர், வாசல் காவலர், எல்லார்கிட்டயும் தகவல் கிடைச்சதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தா. மேசை நம்பர் வரியில மட்டும் கையெழுத்து இல்லை.

"இதுக்கு ஏன் வாங்கல?"

"அக்காகிட்ட கொடுத்ததால விட்டுட்டேன் மேடம்."

அந்த வரிக்கு மட்டும் மார்க்கை வெட்டிட்டு அவங்களும் பாஸ் போட்டாங்க.

இப்ப அவ எங்க ஹோட்டல்லயே நிகழ்ச்சிப் பொறுப்பாளர். வீட்ல பழைய மாதிரிதான், இடது பக்கமா வந்து பரிமாறுறா, என்னைக் கிண்டல் பண்றா. அந்தத் தாளைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனா ஒவ்வொரு விருந்துக்கும் முந்தின நாள் லினன் ரூமுக்கு வருவா. தாளை நீட்டுவா, பேனா மூடியைத் திறந்து தருவா.

"கையெழுத்து போடுக்கா."

நான் போட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிப்பா.