மாமன் சீரில் வந்த பிள்ளை இருக்கை

சுந்தரபாண்டியபுரத்தில் காளீஸ்வரி வீட்டுக்கு, மகள் வேல்விழியின் காதுகுத்துக்கு மாமன் சீர் வந்து இறங்கியபோது, பழத்தட்டுக்கும் பட்டுப்பாவாடைக்கும் நடுவில் கார்களில் மாட்டுகிற குழந்தை இருக்கை ஒன்றும் வந்தது. காளீஸ்வரியின் அண்ணன் மணிமுத்து அதைச் சாமி சப்பரம் போலத் தோளில் தூக்கி வந்தார்.

"ஏலே மணி, காதுகுத்துக்குக் கொலுசு வரும்னு பாத்தா நாற்காலியத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றாள் காளீஸ்வரியின் நாத்தனார் உலகம்மாள். கூட்டம் சிரித்தது. காளீஸ்வரிக்கு முகம் சிறுத்துப் போயிற்று.

மணிமுத்துவும் சேர்ந்து சிரித்தார். குற்றாலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அருவியில் குளித்துவிட்டு எண்ணெயும் ஈரமுமாகப் பயணிகள் ஏறுவார்கள் என்று, சீசனில் சீட்டு மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடுவது அங்கே வழக்கம். பெல்ட் மாட்டுகிற கொக்கி அடியில் புதைந்துபோகும். மணிமுத்து விரிப்பைக் கத்தரித்துக் கொக்கியை வெளியே எடுத்து வைத்திருப்பார். பெல்ட் போடாமல் வண்டி நகராது. கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்களையும் கும்பிட்டுத்தான் அனுப்புவார்.

காதுகுத்து இலஞ்சிக் குமரன் கோயிலில். மூன்று வரிசைக் காரின் நடு சீட்டில் அவர் இருக்கையைப் பொருத்தியதும்தான் சண்டையே வந்தது. ஒரு வயது நிறையாத வேல்விழி அதில் உட்கார்ந்தால் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்கும்.

"முருகன் சன்னிதிக்குப் போற பிள்ளை முதுகைக் காட்டிக்கிட்டா போவும்? ஏட்டி காளி, பிள்ளையை எங்கிட்டக் குடு. மடியில வச்சுக்கிடுதேன்," என்றாள் உலகம்மாள்.

காளீஸ்வரி பிள்ளையோடு தயங்கி நின்றாள். விரதமிருந்து பெற்ற பிள்ளை. தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ? நாத்தனார் பேச்சைத் தட்டிவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

"மதினி, பச்சப்பிள்ளைக்குக் கழுத்துல பலம் கிடையாது," என்றார் மணிமுத்து. "சட்டுனு பிரேக் போட்டா தலை முன்னால பாயும். இப்பிடி உக்காந்தா முதுகும் தலையும் சேந்து தாங்கிக்கிடும். மடியில எம்புட்டு இறுக்கிப் பிடிச்சாலும் கையை விட்டுப் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தக் கழுத்தும் முருகன் குடுத்ததுதான?"

காளீஸ்வரி அதற்குமேல் யோசிக்கவில்லை. முருகா என்று பிள்ளையை இருக்கையில் வைத்து, வார்களைத் தானே மாட்டினாள். வேல்விழி வீறிட்டாள்.

"பாத்தியா, பாத்தியா!" என்றாள் உலகம்மாள்.

"மதினி, நீங்க கடைசி சீட்டுல ஏறுங்க. பிள்ளை உங்க பக்கம்லா பாத்துக்கிட்டு வருது. பெல்ட்டையும் போட்டுக்கிடுங்க."

"எனக்குமாலே?"

"நீங்க இல்லாட்டி என்னைய ஏசுறதுக்கு யாரு இருக்கா?"

உலகம்மாள் முறுமுறுத்துக்கொண்டே ஏறினாள். சூரியகாந்தித் தோட்டங்களைத் தாண்டுமுன்பே, நடு சீட்டுக்கு மேலே கையை ஆட்டி ஆட்டிப் பிள்ளையோடு பேச ஆரம்பித்துவிட்டாள். வேல்விழி அழுகையை விட்டுச் சிரித்தாள்.

சன்னிதியில் மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். ஊசி ஏறியதும் பிள்ளை அழுதது. மணிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாரை தாரையாகக் கண்ணீர்.

"ஏலே, வாரு மாட்டுறப்பப் பிள்ளை அழுததுக்கு அசையாம நின்ன. இப்ப என்னலே?"

"அது உசுருக்கு மதினி. இது அழகுக்குத்தான?"

வீடு திரும்பும்போது பிள்ளையை இருக்கையில் வைத்து வார்களை மாட்டியது உலகம்மாள்தான்.